மோசல் ஆத்தங்கரையிலை நான் கேட்ட கேள்வி

1

போன கிழமை மோசல் ஆத்தங்கரையிலை வண்டியளை விட்டுத் தங்கிற காம்பிங் இடத்து முதலாளியம்மாவிட்டையிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய வாடிக்கைக்காரருக்கு வருசா வருசம் பங்குனியிலை எழுதுவா. "மதிப்புக்குரிய திரு. கந்தையா" எண்டு தொடங்கும். கந்தையா என்ரை அப்பாவின்ரை பேர். இருவத்திமூண்டு வருசமா இந்த நாடு அவரின்ரை பேராலைதான் என்னைக் கூப்பிடுது. மனுசன் யாழ்ப்பாணம் தாண்டி ஆனையிறவுக்கு அங்காலை நாலுதரம் போயிருப்பாரோ தெரியாது, இப்ப ஜேர்மனியிலை வரி, காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் அவரின்ரை பேரிலைதான் ஓடுது.

"ஆத்தோரத்திலை உங்களுக்குப் பிடிச்ச அந்த இடத்தை ஆடி மாதத்துக்கு ஒதுக்கி வைக்கட்டோ? போன வருசம் உங்களைக் காணேல்லை. உங்கடை சின்னப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு எழுதியிருக்கிறா. என்ரை மனுசி சரோ கடிதத்தை வாசிச்சா, குளிர்பெட்டிக் கதவிலை காந்தத்தை வைச்சு ஒட்டிவிட்டா. நான் அந்தக் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் அது என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது.

இந்தச் சஞ்சிகையிலை முந்தி நான் எழுதின வண்டிப் பயணக் குறிப்புகளை வாசிச்சிட்டு உங்களிலை சிலபேர் கடிதம் போட்டனீங்கள். "அண்ணை, நீங்களும் அக்காவும் குடுத்துவைச்ச ஆக்கள்" எண்டு ஒரு தங்கச்சி வவுனியாவிலையிருந்து எழுதினவ. திராட்சைத் தோட்டம், கோட்டை, அன்னம் நீந்துற ஆறு எல்லாம் வடிவா எழுதினன். ஒண்டை விட்டிட்டன். எழுதினால் வெக்கம் எண்டு விட்டிட்டன். இப்பவும் வெக்கம்தான், ஆனால் ரெண்டு வருசமா மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியேலாமல் இருக்குது.

2

வண்டிக் கதையைத் தெரியாத ஆக்களுக்காக ஒருக்கால் சொல்லுறன்.

ஹம் எண்ட ஊரிலை வயர் செய்யிற ஒரு தொழிற்சாலையிலை பதினெட்டு வருசம் நிண்டு இடுப்பு, நாரி எல்லாம் போச்சுது. அன்ட்ராக் எண்டு இஞ்சை சொல்லுற விண்ணப்பம் மூண்டுதரம் போட்டு, நாலு டொக்ரர்மாருக்கு முன்னாலை குனிஞ்சு நிமிந்து காட்டி, அறுவத்தியொரு வயசிலை ஓய்வூதியம் கிடைச்சுது. அந்த நேரம் என்னோடை வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் தன்ரை பழைய வோன்மோபிலை விக்கப்போறன் எண்டார். வீடும் வாகனமும் ஒண்டா இருக்கிற வண்டி. ரெண்டு அடுப்பு, ஒரு கட்டில், மடிக்கிற மேசை, ஆள் உள்ளை போனால் திரும்பேலாத ஒரு கக்கூஸ்.

எங்கடை சனத்துக்கு அது பெரிய பகிடி. சரோவின்ரை தம்பி வந்து பாத்திட்டுக் கேட்டான், "அத்தான், அகதியா வந்த நேரம் முகாமிலை கிடந்தது காணாதோ? இப்ப காசு குடுத்துப் போய்க் கிடக்கப்போறியளோ?" எண்டு. கோயிலிலை கண்ட ஆக்கள், "வீடு வாசல் இருக்க ஏனண்ணை லொறிக்குள்ளை படுக்கிறியள்" எண்டு கேட்டினம். நான் சிரிச்சுச் சமாளிச்சன்.

உண்மையிலை அந்த வண்டி எங்களைக் காப்பாத்தினது. மகன் பிரேமன் நகரத்திலை, மகள் வதனி மன்ஹைம் நகரத்திலை. ரெண்டு பேரின்ரை வீடும் சின்ன வீடு. நாங்கள் போனால் ஆரோ ஒரு பிள்ளை கட்டிலை விட்டிட்டு நிலத்திலை படுக்கவேணும். முதல் நாள் எல்லாருக்கும் சிரிச்ச முகம், மூண்டாம் நாள் மருமகளின்ரை முகம் நீண்டுபோம். வண்டி வந்தாப் பிறகு கீழை றோட்டிலை விட்டிட்டு மேலை போய்ச் சாப்பிடுவம், கதைப்பம், இருட்டினாப்போலை இறங்கி வந்து எங்கடை கட்டிலிலை படுப்பம். மருமகளுக்கும் நிம்மதி, சரோவுக்கும் நிம்மதி.

வதனியின்ரை மகள் மீராவுக்கு அப்ப ஒன்பது வயசு. பள்ளிக்கூட லீவிலை அவளை ரெண்டு கிழமை எங்களோடை வண்டியிலை விடு எண்டு நான் ரெண்டு வருசமாக் கேட்டுக்கொண்டிருந்தன். வதனி சாட்டுச் சொல்லித் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசியிலை ஒருநாள் வாய் திறந்து சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பதினாறு வயசிலை என்னோடை படிச்ச பிள்ளை ஒருத்தி வீட்டை வந்தவள். நீங்கள் அவளிட்டைக் கேட்ட கேள்வியள் ஞாபகமிருக்கோ? அதுக்குப் பிறகு அவள் வரவேயில்லை. மீராவுக்கு முன்னாலை அந்தக் கதையள் வேண்டாம். ஊர்க் கதை சொல்லுங்கோ, தமிழ் பழக்குங்கோ. ஆக்களைப் பிரிக்கிற கதை மட்டும் வேண்டாம். அதுக்கு ஓமெண்டால் விடுறன்."

"நான் ஏன் பிள்ளை அதெல்லாம் கதைக்கப்போறன்" எண்டு சொன்னன். உள்ளுக்குள்ளை கொஞ்சம் கோவம்தான், ஆனால் பிள்ளை வாறாள் எண்ட சந்தோசத்திலை அது பெரிசாத் தெரியேல்லை. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மோசல் கரைக்குக் கொண்டுவந்து விடுறதெண்டு முடிவாச்சுது.

3

ஜேர்மனியிலை நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி முடிஞ்ச கையோடை அது. ஜேர்மன்காரர் வண்டியளிலை குத்தின கொடியளை இன்னும் கழட்டேல்லை. நாங்கள் திங்கக்கிழமையே போயிட்டம். எங்களுக்கு இடப்பக்கம் நாயோடை ஒரு ஜேர்மன்காரக் கிழவி. வலப்பக்கத்து வண்டியிலையிருந்து வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்குற வாசம் வந்துது.

காம்பிங் இடத்திலை தமிழரைக் காணுறது அருமை. சரோ மூக்கை உறிஞ்சிப்போட்டு, "இஞ்சாருங்கோ, இது எங்கடை சரக்குத்தூள்" எண்டா. வண்டியின்ரை இலக்கத் தகடு கெல்சென்கிர்ச்சன் எண்ட பட்டணத்தின்ரை. நான் இறங்கி நிக்கிறன், அந்தப் பக்கம் ஒருத்தர் பனியனோடை அகப்பையும் கையுமா வந்து எட்டிப் பாக்கிறார். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை, "தமிழோ?" எண்டு கேட்டம்.

அவர் ராசரத்தினம். என்னிலும் அஞ்சாறு வயசு இளமை. கெல்சென்கிர்ச்சனிலை இரும்புப் பட்டறையிலை கடைசல் வேலை, முழங்கால் போய் முன்னுக்கே ஓய்வு எடுத்தவர். மனுசி மகேசுவரி ஒரு முதியோர் இல்லத்திலை சமையல். பிள்ளையள் ரெண்டும் லண்டனிலை. அவையளும் எங்களைப் போலை பிள்ளையளைப் பாக்கப் போற வாற வழியிலை ஆத்தங்கரையிலை தங்கிற ஆக்கள். அண்டைக்கு மத்தியானமே நாலு பேரும் ஒண்டாச் சாப்பிட்டம். மகேசு வைச்ச மீன்குழம்பை சரோ ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டவ. சரோ அப்பிடி ஆரின்ரை சமையலையும் ரெண்டாந்தரம் கேக்கிற ஆள் இல்லை.

இன்னொண்டையும் சொல்லவேணும். வண்டியிலை கக்கூசுக்குக் கீழை ஒரு பெட்டி இருக்கும். காலமை காலமை அதை இழுத்தெடுத்து, காம்பிங் இடத்து மூலையிலை இருக்கிற குழியிலை கொண்டுபோய் ஊத்தி, கழுவி, மருந்து விட்டுத் திரும்பப் பூட்டவேணும். வண்டிப் பயணக் குறிப்புகளிலை நான் எழுதாமல் விட்ட இன்னொரு விசயம் இது. நிரம்பினால் இருவது கிலோ வரும். என்ரை நாரிக்கு அது ஏலாது, சரோ ஒரு கையும் நான் ஒரு கையுமாப் பிடிச்சுக்கொண்டு போவம். செவ்வாய்க்கிழமை எங்கடை பெட்டி இறுகி வெளியிலை வரமாட்டனெண்டு நிண்டுட்டுது. ராசரத்தினம் வந்தார், நிலத்திலை படுத்தார், வெறுங்கையை உள்ளை விட்டு என்னவோ ஒரு கொளுக்கியை நெம்பி இழுத்து எடுத்தார். கையிலை என்ன பட்டதெண்டு நான் எழுதத் தேவையில்லை. பேந்து தன்ரை பெட்டியையும் எங்கடையையும் சின்னத் தள்ளுவண்டியிலை ஏத்திக்கொண்டு போனார்.

"விடுங்கோ ராசரத்தினம், நாங்கள் கொண்டுபோறம்" எண்டன்.

"அண்ணை, ஒண்டைத் தள்ளிக்கொண்டு போறவனுக்கு ரெண்டு பாரமோ? நீங்கள் நாரியைப் பாருங்கோ" எண்டார்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு காலமையும் அவர்தான் கொண்டுபோனார். நானும் விட்டிட்டன். புதன்கிழமை, "வெள்ளிக்கிழமை எங்கடை மகளும் பேத்தியும் வருகினம், பின்னேரம் எல்லாரும் தேத்தண்ணிக்கு வாங்கோ" எண்டு சரோ சொன்னா. பக்கத்துக் கிழவியையும் கூப்பிட்டம். மகேசு பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வாறன் எண்டா.

4

சாதி எண்ட சொல்லை நான் என்ரை வாயாலை சொல்லுறேல்லை. எங்கடை ஆக்களிலை அனேகம் பேர் சொல்லமாட்டினம். "ஊரிலை எவடம்?" எண்டு கேப்பம். ஊரைச் சொன்னால், "ஊரிலை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "கோயிலடியோ, பள்ளிக்கூடத்துக்கு அங்காலையோ?" பேந்து, "அங்கை இன்னாரைத் தெரியுமோ, அவர் உங்களுக்கு என்ன முறை?" நாலு கேள்வி காணும். முகத்திலை சிரிப்பு இருக்கும். பக்கத்திலை நிக்கிறவைக்கு நாங்கள் அன்பா விசாரிக்கிறமெண்டுதான் தெரியும். கேள்வி ஆருக்கோ அவருக்கு மட்டும் வடிவா விளங்கும்.

ஜேர்மன்காரன் என்னட்டைக் கேக்காத கேள்வி இல்லை. எப்பிடி வந்தனி, ஆர் கூட்டிக்கொண்டு வந்தது, பாஸ்போட் எங்கை, எத்தினை சதுர மீற்றர் வீடு எண்டு கேட்டுக் கேட்டுக் கோப்பு நிரப்பினவன். அந்தக் கந்தோருகளிலை நான் எவ்வளவு குறுகிப்போய் இருந்தன் எண்டு முந்தி ஒரு குறிப்பிலை எழுதியிருக்கிறன். மற்றவன் கேக்கேக்கை நோகுமெண்டு தெரிஞ்ச நான்தான் கேட்டன்.

வியாழக்கிழமை பின்னேரம். சரோவும் மகேசுவும் ஆத்தோரம் நடக்கப் போயிட்டினம். ஊரிலை திரும்பச் சண்டை தொடங்கப்போகுது எண்டு சனம் கதைச்ச நேரம். ராசரத்தினத்தின்ரை தங்கச்சி வன்னியிலை. ரெண்டு நாளாத் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுபடேல்லை. மனுசன் கையிலை போனை வைச்சுத் திருப்பித் திருப்பி அமத்திக்கொண்டிருந்தார். தங்கச்சிக்குச் சீதனமாக் குடுத்த காணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், இடையிலை எங்கடை பக்கத்து ஊர் ஒழுங்கை ஒண்டின்ரை பேரைச் சொன்னார். எனக்குக் காது நிமிந்திட்டுது.

அந்த ஒழுங்கையின்ரை பேரை நான் இஞ்சை எழுதமாட்டன். எழுதினால் வாசிக்கிற நீங்களும் நான் போட்ட கணக்கைத்தான் போடுவியள்.

"ஓ, நீங்கள் அந்தப் பக்கமோ? பள்ளிக்கூடத்துக்கு அங்காலையோ, இஞ்சாலையோ?" எண்டு கேட்டன்.

அவர் போனிலையிருந்து கண்ணை எடுத்து என்னைப் பாத்தார். "அங்காலை" எண்டார்.

"அங்கை சங்கக்கடையடியிலை ஒருத்தர் இருந்தவர்..." எண்டு நான் அடுத்த கேள்வியையும் கேட்டன்.

"ஓம் அண்ணை. அவர் எங்கடை பெரியப்பா" எண்டு சொல்லிப்போட்டு அவர் திரும்ப நம்பரை அமத்தினார்.

அவ்வளவுதான். எங்களுக்குக் கீழை எண்டு எங்கடை ஆக்கள் வைச்சிருக்கிற சனம் அவை. எங்கடை வீட்டிலை அந்தச் சனத்துக்கெண்டு பின்பக்கத்து வேலியிலை ஒரு தகரப்பேணி கொழுவியிருக்கும். சின்ன வயசிலை தோட்டத்து வேலைக்கு வாற ஒருத்தருக்கு என்னைத்தான் தண்ணி வாக்க விடுவினம். "எட்ட நிண்டு வாரு, படாமல் வாரு" எண்டு அம்மா குசினிக்குள்ளை நிண்டு சொல்லுவா. நான் உயத்திப் பிடிச்சு வாப்பன், அவர் பேணியைக் கீழை பிடிப்பார், பாதித் தண்ணி அவரின்ரை கையாலை வழிஞ்சு மண்ணிலை போம். அப்ப எனக்கு அது பிழையாவே தெரியேல்லை. நல்லாக் குறி பாத்து ஊத்திறன் எண்டு புழுகமும் பெருமையும்தான் இருந்தது.

சரோ வந்தாப் பிறகு சொன்னன். அவ செருப்பைக் கழட்டிப்போட்டு வண்டிப் படியிலை இருந்தா.

"நாலு நாளாச் சாப்பிட்டது வயித்துக்குள்ளை கிடக்கு. இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"போனது போகட்டும். இனிப் பாத்து நடப்பம்" எண்டன்.

5

வெள்ளிக்கிழமை காலமை ராசரத்தினம் வழமை போலைத் தள்ளுவண்டியோடை வந்தார். நான் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டன். அவர் இழுத்து ஏத்திக்கொண்டு போய், கழுவி, கொண்டுவந்து பூட்டிவிட்டார். "நல்லது ராசரத்தினம்" எண்டு சொன்னன். அண்டைக்கு அவரோடை ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூடாது எண்டு முடிவெடுத்திருந்த எனக்கு, அவர் எங்கடை பீப்பெட்டியைத் தூக்கிறதிலை ஒரு யோசினையும் வரேல்லை. இதை எழுதேக்கை எனக்குக் காது சுடுது.

மூண்டு மணிக்கு வதனியும் மீராவும் வந்திறங்கிச்சினம். பிள்ளை ஓடிவந்து என்ரை வயித்தைக் கட்டிப்பிடிச்சாள். வண்டிக்குள்ளை ஏறி ஒவ்வொரு அலுமாரியாத் திறந்து பாத்தாள். எங்களிட்டை நீலப் பூப்போட்ட நல்ல கப் ஆறு இருந்தது, உடையாத சாமான். சரோ அதை எடுக்கேக்கை நான் மேல்தட்டைக் காட்டினன். வெளியிலை போனால் குடிக்கவெண்டு வாங்கின கடதாசிக் கப் அங்கை ஒரு கட்டு இருந்தது.

"ரெண்டு பேருக்கு மட்டுமோ?" எண்டு சரோ மெல்லக் கேட்டா.

"ஓம்."

"பாத்தால் தெரியுமே."

"கப் போதாமல் போச்சுதெண்டு சொல்லுவம்."

நாலு மணிக்கு எல்லாரும் வந்திருந்தினம். வதனி பிள்ளையைப் பதியவெண்டு காம்பிங் கந்தோருக்குப் போயிட்டாள். சரோ தேத்தண்ணியை ஊத்த, மீராதான் தட்டிலை வைச்சுக் கொண்டுவந்தாள். பக்கத்துக் கிழவிக்கு நீலக் கப். அவ மடியிலை நாயை வைச்சுக்கொண்டு, மத்தியானம் பண்டி இறைச்சி சுட்ட கையாலை வாங்கினா, அதிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு நீலக் கப். சரோவுக்கு நீலக் கப். ராசரத்தினத்துக்கும் மகேசுவுக்கும் கடதாசிக் கப்.

மகேசு கப்பைப் பாத்தா. பேந்து என்ரை கையைப் பாத்தா, கிழவியின்ரை கையைப் பாத்தா. வாயிலை வைக்காமல் புல்லிலை வைச்சா. தான் சுட்ட பணியாரப் பெட்டியின்ரை மூடியைத் திறக்கப் போன கை அப்பிடியே நிண்டுட்டுது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கப் போதேல்லை" எண்டு நான் சொன்னன்.

"இல்லை அம்மப்பா, உள்ளை இன்னும் மூண்டு கப் இருக்கு. நான் பாத்தனான். எடுத்துக்கொண்டு வரட்டோ?" எண்டு மீரா எழும்பினாள்.

"வேண்டாம் பிள்ளை. இரு" எண்டன்.

பிள்ளை இருந்திட்டாள். ராசரத்தினம் மட்டும் தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சார். ஆறுதலா, ஒரு சொட்டு விடாமல் குடிச்சார். "தேத்தண்ணி நல்லாயிருக்கு அக்கா" எண்டு சரோவுக்குச் சொல்லிப்போட்டு எழும்பினார். வதனி திரும்பி வரேக்கை அவையள் போயிட்டினம். பிள்ளை சந்தோசமா இருக்கிறாள் எண்டு பாத்து, வதனியும் சந்தோசமா இருட்டுறதுக்கு முதல் வெளிக்கிட்டாள். போகேக்கை என்ரை தோளைத் தொட்டு, "தாங்ஸ் அப்பா" எண்டாள்.

6

அடுத்த நாள் காலமை அவையள் வண்டியைக் கட்டிப்போட்டினம். இன்னும் மூண்டு நாள் நிக்கிறதெண்டு சொன்ன ஆக்கள். நான் வெளியிலை வராமல் இருந்திருப்பன், ராசரத்தினம் வந்து கதவைத் தட்டினார். மீரா இன்னும் நித்திரை. நான் இறங்கிக் கதவைச் சாத்தினன்.

"அண்ணை, நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை, கண்டனீங்களோ? நீங்கள் ஊரைச் சொன்ன முதல் நாளே எனக்குத் தெரியும் நீங்கள் ஆரெண்டு. மகேசு அப்பவே சொன்னவ, வேண்டாமப்பா, தள்ளி நிண்டுகொள்ளுவம் எண்டு. நான்தான் சொன்னன், இருவது வருசம் இஞ்சை கிடந்து எங்களைப் போலை அடிபட்ட மனுசன், அப்பிடி இருக்கமாட்டார் எண்டு. இப்ப அவவுக்கு முன்னாலை நான் விசரன்."

நான், "ராசரத்தினம், அது..." எண்டு தொடங்கினன்.

"பிள்ளை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு எழும்பினது. அப்பவெண்டாலும் ஓமெண்டிருக்கலாம் நீங்கள்" எண்டார். பேந்து எங்கடை வண்டியின்ரை பக்கத்தைப் பாத்தார். "பெட்டி நிரம்பியிருக்கும். இண்டைக்கு நான் கொண்டுபோகேல்லை."

வண்டியை எடுத்துக்கொண்டு போயிட்டினம். சரோவும் நானும் ஆளுக்கொரு கையாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனம். வழியிலை ரெண்டுதரம் கீழை வைச்சம். சரோ ஒரு வசனம்தான் சொன்னா: "அந்த மனுசி எனக்கு அக்கா அக்கா எண்டுகொண்டு நிண்டவ."

7

மீராவோடை அந்த ரெண்டு கிழமையும் நாங்கள் நல்லாத்தான் இருந்தம். பிரேமன் நகரம் வரைக்கும் போய் மகன் வீட்டு வாசலிலை மூண்டு நாள் நிண்டு, திரும்பி வாற வழியிலை ஏரிக்கரையளிலை தங்கினம். பிள்ளை முதல் நாள் பாதி ஜேர்மன் பாசை, பாதி தமிழ் எண்டு கதைச்சவள், கிழமை முடியேக்கை "ஏலாது", "கெதியா வாங்கோ" எண்டெல்லாம் சொல்லத் தொடங்கிட்டாள். தேத்தண்ணி ஊத்தப் பழகினாள். ஆக்கள் வந்தால் முதல் இருக்கச் சொல்லவேணும், பேந்து குடிக்கக் குடுக்கவேணும் எண்டு சரோ பழக்கினா.

ஒருநாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கேக்கை பக்கத்திலை இருந்து கேட்டாள்.

"அம்மப்பா, அந்த அங்கிளுக்கும் அன்ரிக்கும் ஏன் பேப்பர் கப்பிலை குடுத்தனீங்கள்? உள்ளை கப் இருந்ததுதானே."

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேக்கவேண்டிய பிழை செய்தன் பிள்ளை எண்டு உண்மையையும் சொல்லியிருக்கலாம். றோட்டைப் பாத்துக்கொண்டு, "அவை வேறை ஆக்கள் பிள்ளை" எண்டன்.

"எப்பிடித் தெரியும்?"

"ஊரிலை எவடமெண்டு கேட்டால் தெரியும்."

அவள் ஓமெண்டு தலையை ஆட்டினாள். வதனிக்குக் குடுத்த வாக்கு அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்ததுதான். ரெண்டு வசனம்தானே, பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது எண்டு என்னை நானே சமாதானப்படுத்தினன்.

கடைசிச் சனிக்கிழமை வதனி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஏரிக்கரைக்கு வந்தாள். அவளோடை ஒரே ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஒரு தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளையும் வந்தது, வுப்பர்டால் எண்ட ஊரிலை இருக்கிற தாய் தேப்பனைப் பாக்கப் போற வழி. கதிரையளைப் போட்டம். மீரா எல்லாரையும் தமிழிலை இருக்கச் சொன்னாள். "அன்ரி, பயணம் சுகமோ?" எண்டு கேட்டாள். வதனியின்ரை முகத்திலை பூரிப்பு. "அப்பா, நம்பேலாமல் இருக்கு" எண்டாள். எனக்கும் பெருமை தாங்கேலாமல் இருந்தது.

மீரா உள்ளை போய்க் கேத்திலை வைச்சாள். பேந்து படியிலை வந்து நிண்டு, எல்லாருக்கும் கேக்கக் கேட்டாள்.

"அம்மப்பா, நீங்கள் இன்னும் இந்த அன்ரியைக் கேக்கேல்லை. எந்தக் கப் எடுக்கிறது?"

வதனிக்கு விளங்கேல்லை. "எதைக் கேக்கிறது, மீரா?"

"ஊரிலை எவடமெண்டு. அதைக் கேட்டாப் பிறகுதானே கப் எடுக்கவேணும்."

அந்தத் தமிழ்ப் பிள்ளை குனிஞ்சு தன்ரை சப்பாத்தைப் பாத்தது. அதுக்கு உடனை விளங்கிட்டுது எண்டு எனக்குத் தெரியும். வதனி எழும்பி உள்ளை போனாள். மகளோடை என்ன கதைச்சாளோ தெரியாது, சரோவிட்டை என்ன கேட்டாளோ தெரியாது. கொஞ்ச நேரத்தாலை பிள்ளையின்ரை பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அழுதுகொண்டிருப்பாள் எண்டு பாத்தன், அழேல்லை.

"எனக்கு நீங்கள் இருவது வருசமாச் சொல்லித் தந்தும் ஏறேல்லை அப்பா. இவளுக்கு ரெண்டு கிழமையிலை ஏத்திப்போட்டியள்."

"நான் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை" எண்டு சொன்னன். அது அரைப் பொய் எண்டு சொல்லேக்கையே தெரிஞ்சுது.

"சொல்லித் தரத் தேவையில்லை. அவளுக்குக் கண் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுக் காரிலை ஏறினாள். அதுக்குப் பிறகு வதனி போன் எடுக்கிறவள், கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து போறவள். பிள்ளையைத் தனிய எங்களோடை விட்டதில்லை. ராசரத்தினத்தின்ரை நம்பர் என்னட்டை இருக்கு. ரெண்டு தரம் அமத்திப்போட்டு, மணி அடிக்க முதல் வைச்சிட்டன்.

அண்டைக்குக் கார் வெளிக்கிடேக்கை மீரா பின்கண்ணாடியை இறக்கிப்போட்டுத் தலையை வெளியிலை நீட்டினாள். தாய் கோவமா இருக்கிறாள் எண்டு அவளுக்குத் தெரியுது, ஏனெண்டு தெரியேல்லை. ரெண்டு கிழமையாப் பழகின தமிழிலை தான்தான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சிட்டாள்.

"அம்மப்பா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" எண்டு கேட்டாள்.

"இல்லை பிள்ளை" எண்டன். பிழை ஆரிலை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. கார் போயிட்டுது.